அனுபவிப்பவர் யார்? உடல்சுகத்தின் ஆங்கிலச் சொற்கள்

தமிழில் வலிக்குச் சொல் பஞ்சம் கிடையாது. வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் காலையிலிருந்து மாலைவரை தரையில் உட்கார்ந்து திரி வைக்கிற, சரம் பின்னுகிற பெண்களிடம் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இடுப்பில் குடைச்சல், தோளில் இழுப்பு, விரல் நுனியில் எரிச்சல், கண்ணில் உறுத்தல், காலில் மதமதப்பு, தலையில் விண்விண்ணென்று தெறிப்பு, அடிவயிற்றில் சுருட்டிப் பிடிப்பு என்று அடுக்குவார்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க மாட்டார்கள். அதே உடம்பு சுகமாக இருந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுபோகும். சிலர் சிரிப்பார்கள், சிலர் எழுந்து போய்விடுவார்கள். படித்தவர்களாக இருந்தால் ஆங்கிலத்தில் பதில் வரும்.

அந்த ஆங்கிலத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் தமிழ் கற்பிப்பவள், கவிதை எழுதுபவள். ஆங்கிலச் சொற்களை விரட்டிவிட்டு அந்த இடத்தில் தூய தமிழைக் குடிவைக்க வேண்டும் என்பது என் நோக்கமல்ல. நாம் கடன் வாங்கிய சொற்கள் பெண்ணை வாக்கியத்தில் எங்கே நிறுத்துகின்றன என்று பார்ப்பதே நோக்கம். சுகத்தில் யார் எழுவாய், யார் செயப்படுபொருள் என்ற கேள்வி இலக்கண வகுப்போடு முடிவதில்லை. அது படுக்கையறைக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் வருகிறது.

முதலில் 'செக்ஸ்'. இந்தச் சொல் தமிழ்ச் செய்தித்தாள்களில் யாரோடு சேர்ந்து வந்திருக்கிறது என்று பாருங்கள்: செக்ஸ் தொல்லை, செக்ஸ் டார்ச்சர், செக்ஸ் புகார், செக்ஸ் சாமியார். ஆங்கிலத்தில் பால் வேறுபாட்டையும் உறவையும் பொதுவாகக் குறிக்கும் சொல், நம்மிடம் குற்றச் செய்தியின் தலைப்பாகவே பழகிவிட்டது. அதற்கு இருக்கும் இன்னொரு முகவரி, லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்களின் விளம்பரம். அங்கே ஆண்மைக் குறைவுக்கு மருந்துண்டு. மனைவிக்குச் சுகம் கிடைக்காத குறைக்கு விளம்பரமும் இல்லை, பெயரும் இல்லை.

அடுத்து 'மூடு'. கணவன்மாரைப் பற்றி இரண்டு விதமாக இது சொல்லப்படுகிறது. 'அவருக்கு மூடு வந்திருச்சு' என்றால் ஆசை. 'அவருக்கு மூடு சரியில்ல' என்றால் கோபம். இரண்டு மூடுக்கும் ஏற்ப நடந்துகொள்ள வேண்டியவள் மனைவி. அவளுக்கும் ஒரு மூடு உண்டு என்ற பேச்சை நம் பக்கம் அதிகம் கேட்க முடியாது. மருத்துவமனைக்குப் போனால் அங்கே 'கான்டாக்ட்'. 'கான்டாக்ட் இருக்கா? கடைசியா எப்ப?' என்று மருத்துவர் கேட்பார். இருக்கிறதா இல்லையா என்பதற்கு அந்தக் கேள்வியில் இடமுண்டு. வலித்ததா, பிடித்ததா, வேண்டியிருந்ததா என்பதற்கு இல்லை. அடிவயிற்று வலி என்று வந்தவள் தலையை ஆட்டிவிட்டு மாத்திரையோடு வீடு திரும்புவாள்.

இந்தச் சொற்களால் நமக்கு நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலச் சொல் ஒரு திரை. தாய்மொழியில் சொன்னால் கூசுகிற ஒன்றை அந்நிய மொழியில் சொல்லும்போது கூச்சம் பாதி குறைகிறது. என் வகுப்பு மாணவிகள் 'பீரியட்ஸ்' என்று சொல்லி வீட்டுக்குத் தூரம் என்பதிலிருந்து தப்பித்தார்கள். அது விடுதலைதான். ஆனால் இந்தத் திரை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கருத்தரங்க மேடையில் ஒரு பேராசிரியை 'ஆர்கஸம்' என்றால் முற்போக்கு. பட்டாசு ஆலை வேனில் போகும் பெண் அதையே தன் ஊர்ப் பேச்சில் சொன்னால் கெட்ட வார்த்தை பேசுகிறவள். உடலின் தமிழ்ப் பெயர்கள் வசவாக்கப்பட்டு உழைக்கும் சாதிகளின் வாயில் திணிக்கப்பட்டன. அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் அறிவியலாகிப் படித்தவர்களின் வாய்க்குப் போயின. சுகத்தைப் பேசும் உரிமையும் இப்படித்தான் வர்க்கமாகப் பிரிந்தது.

இனி, எல்லோர் வாயிலும் புழங்குகிற ஒரு சொல்லுக்கு வருகிறேன். குற்றாலத்தில் குளித்தாலும் இருக்கன்குடிப் பொங்கலுக்குப் போனாலும் 'நல்லா என்ஜாய் பண்ணினோம்' என்கிறோம். இதில் ஆணும் பெண்ணும் சமம். பேச்சு உடலுக்கு வந்ததும் இலக்கணம் மாறிவிடுகிறது. 'அவளை என்ஜாய் பண்ணிட்டு விட்டுட்டுப் போயிட்டான்' என்பது ஊரில் சாதாரணமாகக் காதில் விழும் வாக்கியம். சொல்பவர் அவள்மேல் இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார். ஆனாலும் எழுவாய் அவன், செயப்படுபொருள் அவள். இந்த வாக்கியத்தை அப்படியே திருப்பி, 'அவள் அவனை என்ஜாய் பண்ணினாள்' என்று சொல்லிப் பாருங்கள். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் கேட்பவர் அவளுக்கு ஒரு பட்டம் கட்டாமல் விட மாட்டார்.

இது நம் ஊரின் கோளாறு மட்டுமல்ல. பிரெஞ்சின் வழியே ஆங்கிலத்துக்கு வந்த 'என்ஜாய்' என்ற சொல்லுக்குள் மகிழ்தலோடு கூட, ஒன்றைத் தன் வசத்தில் வைத்துப் பயன்கொள்வது என்ற பொருளும் உண்டு. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் ஆண் ஒரு பெண்ணை 'என்ஜாய்' செய்தான் என்றால் அவள் உடலைக் கைக்கொண்டான் என்று அர்த்தம். அவள் மகிழ்ந்தாளா என்பது அந்த வினைச்சொல்லின் கவலையல்ல. சட்ட ஆங்கிலத்திலும் இதுவே புழங்குகிறது. நிலத்தின் பாதை உரிமை, நீர் உரிமை பற்றிய 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் நிலத்தின் 'என்ஜாய்மென்ட்' பற்றிப் பேசுகிறது.

தமிழ்ப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் நம்மிடமும் அதே கதைதான். கரிசல் காட்டை விற்கும்போதும் எழுதுவார்கள், அதே காட்டில் பட்டாசு ஆலை கட்ட வாங்கும்போதும் எழுதுவார்கள்: சர்வ சுதந்திர பாத்தியமாய் 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள' வேண்டியது. ஆள்வதும் அனுபவிப்பதும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. நிலத்தை அனுபவித்தான் என்பதற்கும் பெண்ணை அனுபவித்தான் என்பதற்கும் ஒரே வினை, ஒரே வேற்றுமை. நிலத்திடம் யாரும் உனக்குச் சுகமாக இருந்ததா என்று கேட்பதில்லை. பிரெஞ்சுப் பெண்ணியர்கள் கையாண்ட 'ழூயிசான்ஸ்' என்ற சொல்லிலும் இந்தச் சொத்துப் பொருள் உண்டு. சொத்தைத் துய்க்கும் உரிமை, உடலின் பெருஞ்சுகம் இரண்டையும் அது குறிக்கும். 'என்ஜாய்மென்ட்' அதற்குப் போதாது என்று ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் பலரும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆங்கிலத்துக்கே சொல் போதவில்லை என்று அறிவது நம் மாணவிகளுக்கு நல்லது. வெள்ளைக்காரப் பெண்ணும் கடன் வாங்கியே பேசுகிறாள்.

சொல்லில் இருக்கும் சொத்துரிமை சட்டத்திலும் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பிரிந்துபோன துணையைத் திரும்ப வந்து வாழச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்க வழிசெய்கிறது. தாம்பத்திய உரிமை மீட்பு என்று அதற்குப் பெயர். 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சரிதா வழக்கில், உடல் குறித்த முடிவு பெண்ணிடமே இருக்க வேண்டும் என்ற அடிப்படையில் அந்தப் பிரிவு செல்லாது என்றது. 1984இல் உச்ச நீதிமன்றம் சரோஜ் ராணி வழக்கில் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் 18 வயது நிறைந்த மனைவியின் மீது கணவன் செய்யும் வல்லுறவு குற்றமல்ல. பத்திரம் எழுதியாகிவிட்டது, ஆண்டு அனுபவிக்க வேண்டியதுதான் பாக்கி என்பதன் சட்ட வடிவம் இது.

ஆங்கிலம் தந்த இன்னொரு படிமம் ஏறுவதும் வெடிப்பதும். 'கிளைமாக்ஸ்' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு ஏணி என்று பொருள். தமிழர்களுக்கு அது சினிமாவின் கடைசிச் சண்டை. ஆங்கிலத்தில் அது உடலின் உச்சத்துக்கான நாகரிகப் பெயராகப் பரவியது. அப்படிப் பரப்பியவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் மேரி ஸ்டோப்ஸ் 1918இல் வெளியிட்ட 'மேரீட் லவ்' நூலில் பெண்ணின் ஆசையை ஏறி இறங்கும் அலையாகக் கோடு போட்டுக் காட்டினார் என்பது கவனிக்க வேண்டியது. அலை மறக்கப்பட்டது, ஏணி நிலைத்தது. 1966இல் மாஸ்டர்ஸும் ஜான்சனும் உடலின் எதிர்வினையை நான்கு கட்டங்களாக வகுத்ததும் நம் வார இதழ் மருத்துவர்கள் 'உச்சகட்டம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். உச்சம் தொட்டாயா இல்லையா என்பதே கேள்வியாயிற்று. வழியில் இருந்த சுகமெல்லாம் வெறும் படிக்கட்டாயிற்று.

வெடிப்புக்கு வருவோம். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலில், கடற்கரையில் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே ஆண் சுகம் அடையும் நேரத்தில் வானத்தில் வாணம் வெடிக்கும். பத்திரிகையில் வந்த அந்தப் பகுதிக்காக நியூயார்க் நீதிமன்றம் 1921இல் அதன் ஆசிரியர்களான இரண்டு பெண்களுக்கு அபராதம் விதித்தது. ஹிட்ச்காக்கின் 1955ஆம் ஆண்டுப் படமான 'டு கேட்ச் எ தீஃப்'இல் முத்தக் காட்சியின்போது ஜன்னலுக்கு வெளியே வாணவேடிக்கை. அன்றிலிருந்து 'ஃபயர்வொர்க்ஸ்' என்பது ஆங்கிலக் காதல் கதைகளில் படுக்கையறையின் இடக்கரடக்கல். தமிழ் இளைஞர்களுக்கு நல்ல அழகி 'செம பட்டாசு'.

இந்த உருவகத்தை எங்கள் ஊரில் வைத்துப் படித்துப் பாருங்கள். இங்கே பட்டாசு உருவகமல்ல, கூலி. வெடிமருந்துக்கு இங்கே பெயர் வெறும் 'மருந்து'. மருந்து கையாளும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. உரசாதே, இழுக்காதே, அவசரப்படாதே, வெயில் ஏறினால் கையை எடு என்று பெண்ணுடல் நாள் முழுக்கப் பழக்கப்படுகிறது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். பொறி, உரசல், சூடு, வெடிப்பு என்று ஆங்கிலக் கதை சுகத்துக்குச் சூட்டிய பெயர்கள் ஒவ்வொன்றும் இங்கே சாவின் பெயர். காட்டில் தூரத்தில் புகை எழுந்தால் யார் வீட்டு ஆள் என்று வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடுகிறவளிடம் போய், உன் சுகம் வெடித்ததா என்று கேட்க முடியாது. திரி வைக்கும் வேலை செய்கிற எனக்குத் தெரிந்த ஒரு அக்காவிடம் இந்த ஆங்கில வழக்கத்தைச் சொன்னேன். 'வெடிக்கிறதெல்லாம் வேலையோட போகட்டும் டீச்சர். வீட்டுக்கு வந்தா உடம்பு குளுந்தாப் போதும்' என்றார்.

அவர் சொன்ன சொல்லில் நான் நின்றுவிட்டேன். குளிர்தல். கரிசல் மண்ணில் சூடு என்பது தண்டனை. வயிறு குளிர்வது, மனசு குளிர்வது, கண் குளிர்வது எல்லாம் நிறைவின் பெயர்கள். ஆங்கிலத்தின் 'ஹாட்' ஆசையைக் குறிக்கிறது என்று சினிமா நமக்குக் கற்றுத்தந்தது. டாஸ்மாக் கடையில் அது பிராந்தியைக் குறிக்கிறது. பெண்கள் தங்களுக்குள் பேசும்போது சுகம் குளிர்ச்சியின் பக்கம் நிற்கிறது. நம் பழைய கவிதைகளிலும் நெகிழ்தல், உருகுதல், கனிதல், மலர்தல் என்று இறுக்கம் தளர்கிற வினைகளே மிகுதி. 'திளைத்தல்' என்ற சொல்லைப் பாருங்கள். நீரில் மூழ்கி ஆடுவதற்கும் கலவியின்பத்துக்கும் அதே சொல். அதன் இலக்கணம் முக்கியமானது. ஒருவரை ஒருவர் 'திளைக்க' முடியாது. ஒன்றில்தான் திளைக்க முடியும். சுகம் அங்கே கைப்பற்றும் பொருளாக இல்லாமல் இருவரும் இறங்கி நிற்கும் நீர்நிலையாக இருக்கிறது.

எல்லாப் பெண்ணுடலும் குளிர்ச்சிதான் என்று வாதிடவில்லை. சிலருக்கு வெடிப்பே சரியான சொல்லாக இருக்கலாம், அவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும். ஒரே படிமத்தை அளவுகோலாக வைத்து, அதில் அடங்காத சுகத்தைச் சுகமே இல்லை என்று சொல்லும் நிலையைத்தான் மறுக்கிறேன்.

அப்படியானால் தமிழ்தான் பெண்ணுக்கு நல்ல மொழியா? அப்படிச் சொல்லிக் கைகழுவ முடியாது. 'சுகம்' என்ற சொல்லுக்கே நாம் என்ன செய்திருக்கிறோம்? பெண்ணுடலோடு அதை வெளிப்படையாகச் சேர்த்துச் சொல்ல அனுமதி உள்ள ஒரே இடம் 'சுகப்பிரசவம்'. பெரும் வலிக்கு மட்டும் சுகம் என்று பெயர் வைக்க முடிகிறது. 'காமம்' என்ற சொல்லின் கதியும் அதுதான். திருக்குறளின் மூன்றாம் பாலில் 25 அதிகாரங்கள், 250 குறள்கள். அவற்றில் பெரும்பகுதி பெண்ணின் வாய்மொழி. வீரமாமுனிவர் லத்தீனில் மொழிபெயர்த்தபோது அந்தப் பாலை விட்டுவிட்டார். 2016இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை குறளைப் பள்ளிகளில் கற்பிக்கச் சொன்னபோதும் முதல் இரண்டு பாலின் 108 அதிகாரங்களோடு நிறுத்திக்கொண்டது. பாதிரியாரும் நீதிமன்றமும் ஒரே இடத்தில் நின்றார்கள். நம் பிள்ளைகளுக்குக் 'காமம்' என்றால் செய்தித்தாளின் காமக்கொடூரன் மட்டுமே தெரியும். ஆங்கிலத்தின் 'லஸ்ட்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் வெறும் மகிழ்ச்சியைக் குறித்து, சமயத்தின் கைபட்டுப் பாவமானது. ஜெர்மன் மொழியில் இன்றும் அது மகிழ்ச்சிதான்.

சொல்லை மீட்க முயன்ற பெண்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். தஞ்சை மராட்டிய அரசவையின் முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' நூலை 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் முழுமையாகப் பதிப்பித்தார். ராதையின் விருப்பத்தை முன்னிறுத்திய அந்த நூலை ஆபாசம் என்று ஆங்கில அரசு தடைசெய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. தமிழில் சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்', மாலதி மைத்ரியின் 'சங்கராபரணி', குட்டி ரேவதியின் 'முலைகள்', சுகிர்தராணியின் 'கைப்பற்றி என் கனவு கேள்' ஆகிய தொகுப்புகள் 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்தபோது எழுந்த கூச்சலை என் தலைமுறைக் கவிஞர்கள் மறக்கவில்லை. ஆண் பாடலாசிரியர்கள் அதே உறுப்புகளை இரட்டை அர்த்தத்தில் பாடியபோது எழாத கூச்சல் அது. அந்தக் கவிஞர்கள் உறுப்பின் பெயரைச் சொன்னார்கள் என்பதைவிட, அந்த உறுப்பை எழுவாயாக்கினார்கள் என்பதே குற்றமாகக் கருதப்பட்டது.

எங்களுக்கு மேற்கே, அதே மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளின் 30 திருப்பாவைப் பாசுரங்களை மார்கழியில் ஊரே பாடுகிறது. 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியில் திருமணக் கனவைச் சொல்லும் பகுதியைத் தவிர மற்றவை பொதுவில் அதிகம் கேட்பதில்லை. அதன் ஏழாம் திருமொழியில் ஆண்டாள் திருமாலின் கையில் இருக்கும் சங்கிடம் பேசுகிறாள். அவன் வாயின் மணம் என்ன, சுவை என்ன என்று விசாரிக்கிறாள். இங்கே சுவைக்கப்படுவது ஆண், சுவையை அறிய விரும்புவது பெண். அதோடு நிற்கவில்லை. எத்தனையோ பெண்களுக்குப் பொதுவானதை நீ ஒருத்தி மட்டும் உண்கிறாயே என்று சங்கோடு வழக்காடுகிறாள். ஆண்டு அனுபவிக்கும் பத்திர மொழிக்கு நேர் எதிரான மொழி இது. அவள் பட்டா கேட்கவில்லை, தன் பங்கைக் கேட்கிறாள். இதை வித்யா தெஹேஜியா 1990இலும் அர்ச்சனா வெங்கடேசன் 2010இலும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலம் நம்மிடம் கடன் வாங்கிய சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று. தெய்வத்தின் பெயர் இருந்ததால்தான் அவளுக்கு இவ்வளவு இடம் கிடைத்தது என்பது உண்மை. இருக்கன்குடியில் சாமி வந்து ஆடுகிற பெண்ணுக்கும் அதே சலுகைதான். சாமி மலையேறியதும் முந்தானையைச் சரிசெய்யச் சொல்வார்கள்.

சங்கு என்றதும் இன்னொன்று. வெம்பக்கோட்டை அருகே வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளம் மேட்டில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்தவற்றில் சங்கு வளையல் துண்டுகள் நிறைய. அகப்பாடல்களில் பெண்ணின் ஆசையைச் சொல்ல வளையல் கழன்று விழும். அது பிரிவின் அடையாளம், மெலிவின் அடையாளம். இன்பத்தைவிட ஏக்கத்தைப் பேசவே அந்த மரபு பெண்ணுக்குத் தாராளமாக இடம் கொடுத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தத் துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், வளையல் இறுகப் பொருந்தியிருந்த நாள்களை அந்தப் பெண்கள் என்ன சொல்லிப் பேசியிருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

தமிழ் இலக்கணத்திலேயே நமக்கு ஒரு வழி இருக்கிறது. பசி, தூக்கம், கோபம், பிடித்தம் எல்லாவற்றையும் நாம் நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம்: எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கிறது. இங்கே நான் எதையும் கைப்பற்றவில்லை, யாரும் என்னைக் கைப்பற்றவும் இல்லை. உணர்வு என்னிடம் நிகழ்கிறது, அதற்குச் சாட்சி நான். 'எனக்குச் சுகமாக இருந்தது' என்ற வாக்கியத்தில் எந்த ஆணும் எழுவாயாக நுழைய முடியாது. அதைவிட முக்கியம், அதை எதிர்மறையாக்கவும் முடியும்: 'எனக்குச் சுகமாக இல்லை.' 'என்ஜாய்' என்ற வினையில் செயப்படுபொருளாக நிற்பவளுக்கு இந்த எதிர்மறை கிடையாது. அனுபவிக்கப்பட்டாள் என்று முடிந்த பிறகு அவள் கருத்தை யார் கேட்பது?

ஆகவே மாணவிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆர்கஸம் என்று சொல்லுங்கள், உச்சம் என்று சொல்லுங்கள், குளிர்ந்தது என்று சொல்லுங்கள், உங்கள் பாட்டியிடம் கேட்டு அவள் சொன்ன சொல்லைச் சொல்லுங்கள். எந்த மொழிச் சொல் என்பது இரண்டாம்பட்சம். அந்தச் சொல்லை வைத்து 'நான்' என்றோ 'எனக்கு' என்றோ தொடங்கும் ஒரு வாக்கியத்தை உங்களால் அமைக்க முடிகிறதா என்று சோதியுங்கள். அடுத்து அதே வாக்கியத்தை 'இல்லை' என்று முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டும் முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 'கான்டாக்ட் இருக்கா?' என்று கேட்கும் மருத்துவரிடம், 'இருக்கு, ஆனா எனக்கு வலிக்குது, எனக்கு வேண்டாம்' என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் அந்தச் சீட்டில் எழுதப்படும் மருந்தே மாறிவிடும்.